பொன்னாடை மடிக்கும் அறை

அந்த அலுவலகத்தில் எனக்கு முதலில் பழகியது மனிதர்கள் இல்லை, வாசனை. புதுத்துணியின் கஞ்சி வாசனை. மாடிப்படிக்குக் கீழே சன்னல் இல்லாத ஓர் அறை. தரையிலிருந்து தோளுயரம் பொன்னாடைகள். ஐயாவைப் பார்க்க வருகிற யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. கழுத்தில் விழுந்த துண்டு ஒரு படம் எடுக்கும் நேரம்தான் அங்கே இருக்கும். பின்னாலிருந்து ஒரு கை உருவிவிடும். அது படிக்குக் கீழே போகும், மடிபடும், கண்ணாடித்தாள் உறைக்குள் நுழையும், தேனிக் கடைவீதியில் புறப்பட்ட கடைக்கே திரும்பும். சில நாளில் வேறொருவர் கையேறி மறுபடி வரும். சரிகை ஓரத்தில் மைக்கறை பட்ட துண்டு ஒன்று இருந்தது. அது வரும்போதெல்லாம், கல்யாண வீட்டில் தவறாமல் தென்படும் தூரத்துச் சொந்தத்தைப் போல எனக்குச் சிரிப்பு வரும்.

மடிப்பது பெண்கள் வேலை. யாரும் அப்படி உத்தரவு போடவில்லை. கூட்டம் கலைந்ததும் ஆண்கள் தேநீருக்கு வெளியே போவார்கள், நாங்கள் அறைக்குள் போவோம். அவ்வளவுதான்.

ஐயா ஒரு மக்கள் பிரதிநிதி. எந்த அவை, எந்தக் கட்சி, எந்த வருஷம் என்பதை எழுதப்போவதில்லை. இப்போது அவர் அவையில் இல்லை. அவருடைய நாற்காலியில் இன்னொருவர் இருப்பார், அவருக்கும் ஒரு துண்டறை இருக்கும். என் வேலை எழுதுவது; அதனால் அங்கே எனக்குக் கவிஞர் என்று பேர். வாழ்த்து, இரங்கல், மணமடல், அவையில் அவர் வாசிக்க உரை. நாற்பதைத் தாண்டியும் ஓரிடத்தில் உட்காராத கால் எனக்கு; போடியில் ஓர் அச்சகம், பெரியகுளத்தில் ஒரு பள்ளிக்கூடம் என்று உதறி உதறி வந்தவள். பணியிடங்களில் பெண்களின் பாதுகாப்பு பற்றி ஐயா அவையில் பேசியது நான் எழுதிக் கொடுத்தது. "ஆணுக்குச் சமமாகப் பெண் நிற்கும் வரை இந்த அவை முழு அவை ஆகாது" என்று அவர் கையை உயர்த்திச் சொல்லும் துணுக்கு எல்லோருடைய போனிலும் ஓடியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வரியை வேறுவிதமாகப் பயன்படுத்தியவர் ஐயாவின் உதவியாளர். பி.ஏ. சார் என்போம். ஐயா அவைக்குப் போய்விட்டால் தொகுதியில் அவர்தான் ஐயா. திறப்பு விழா, காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழா எல்லாவற்றுக்கும் 'ஐயா சார்பாக' அவர் போவார்.

எங்கள் பக்கத்தில் மேடையில் ஒரு பெண்ணுக்கு மரியாதை செய்வதென்றால் இன்னொரு பெண் போர்த்துவாள். ஆண் கொடுப்பதானால் துண்டை மடித்தபடி கையில் கொடுப்பார். எங்கும் எழுதி வைக்காத வழக்கம், ஆனால் மாறாது. பி.ஏ. சார் அதை மாற்றினார்.

"காலம் மாறிப்போச்சும்மா. ஆணும் பொண்ணும் சமம்னு ஐயாவே அவையில பேசியிருக்காக. கையில குடுத்தா அது மரியாதையா? தோள்ல போடுறதுதான் மரியாத!"

கூட்டம் கைதட்டும். அவர் துண்டை விரித்து அந்தப் பெண்ணின் பின்னால் போய் நிற்பார். தோளில் விழும். பிறகு முன்னால் வருவார், இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சரிசெய்வார், மடிப்பைத் தடவி நீவுவார். கைதட்டல் ஓயும்வரை நீவுவார். எதிரே கேமரா. படத்தில் பார்த்தால் ஒரு பெரிய மனிதர், கௌரவிக்கப்பட்ட ஒரு பெண், அவள் முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பல்லைக் கடிக்காமல் சிரித்துவிட முடியாது என்பது படத்தில் தெரியாது.

நாங்கள் ஆளுக்கொரு உபாயம் வைத்திருந்தோம். மகளிர் அணியில் மூத்தவர் ஒருவர் மேடையேறும்போது மார்போடு கோப்பு ஒன்றை அணைத்துக்கொண்டே ஏறுவார்; அதற்குள் காகிதம் ஏதும் இருக்காது. நான் கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டிவிடுவேன். ஒருமுறை அதையும் மீறி அவர் துண்டை விரித்தபோது, "சார், சரிகை பட்டா எனக்குத் தடிச்சுப்போகும்" என்றேன்.

"பொன்னாடையே ஆகாதுன்னா அப்புறம் என்ன கவிஞர் நீங்க? நாளைக்கு விருது குடுத்தா எப்பிடி வாங்குவீக?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். எங்களுக்குள் நாங்கள் இதைப் பேசிக்கொண்டதில்லை. மழைக்குக் குடை எடுப்பதைப் பற்றி யார் யாரிடம் பேசுவார்கள்?

அப்படி இருந்த அலுவலகத்துக்குத்தான் கூடலூரிலிருந்து அந்தப் பெண் வந்தாள். கணினி படித்தவள். அப்பா இல்லை. அம்மா விடியலுக்கு முன்பே ஜீப்பேறி, குமுளி தாண்டி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு இருட்டும்போது திரும்புகிறவர். மகள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதே அந்த வீட்டில் ஒரு திருவிழா. மனுக்களைக் கேட்டுக்கேட்டு மின்னல் மாதிரி தட்டச்சு செய்வாள். வந்த வாரமே மைக்கறைத் துண்டைக் கையில் தூக்கிப் பிடித்து, "அக்கா, இவரு என்னையவிட சீனியர் போல. எந்திரிச்சு நின்னு வணக்கம் வச்சிரவா?" என்றாள். அந்த இருட்டறையில் அப்படி ஒரு சிரிப்பு அதற்குமுன் கேட்டதில்லை.

அவளுக்கு உபாயம் எதுவும் தெரியாது. இரண்டு விழாவில் பி.ஏ. சார் அவளுக்குப் போர்த்தினார். படத்தில் உண்மையாகவே சிரித்தாள். அம்மாவுக்கு அந்தப் படத்தை அனுப்பினாள். அம்மா தோட்டத்தில் எல்லோருக்கும் காட்டினாராம்.

ஆடிக் காற்று பள்ளத்தாக்கையே உலுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். ஐயா கூட்டத்தொடரில் இருந்தார். மேகமலை பக்கம் ஒரு சாலைக்கு அனுமதி வந்திருந்தது. அந்த மனுவை முதலில் எழுதி, விடாமல் துரத்தியது அவள்தான். நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது அவளுடைய நாற்காலி காலி. படிக்குக் கீழே கதவு சாத்தியிருந்தது. அது திறந்து பி.ஏ. சார் வெளியே வந்தார். என்னைப் பார்த்து, "பிள்ளைக்கு மரியாத செஞ்சேன். நல்ல வேல பாத்திருக்குல்ல" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

உள்ளே அவள் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள். நான் தோளைத் தொட்டதும் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள்.

"நான்தான்த்தா."

கையிலிருந்த துண்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினாள். "மேடையில செய்யிற மாதிரியேதான் ஆரம்பிச்சாருக்கா. துண்டப் போட்டாரு. நல்லா வேல பாத்தன்னாரு. அப்புறம் துண்டுக்கு உள்ள..." நிறுத்திவிட்டாள். பிறகு, "நான் நன்றி சார்னு சொன்னேங்க்கா. அவரு கைய எடுக்கல, நான் நன்றி சார், நன்றி சார்னே சொல்லிக்கிட்டு நின்னேன். எதுக்குக்கா அப்பிடிச் சொன்னேன்?"

வெளியே காற்று ஒரு தகரத்தைப் பிடுங்கி எங்கேயோ அடித்துக்கொண்டிருந்தது.

என்ன செய்யலாம் என்று நான்தான் கேட்டேன். வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு.

"அவரு வாயால சொல்லணுங்க்கா. நான் இதைச் செஞ்சேன், இது தப்புன்னு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஜெயிலு கியிலெல்லாம் வேணாம். சொல்லணும். ஏன்னா இப்ப நான் சொன்னா, மரியாததான செஞ்சாக, அதுக்கா அழுறன்னு கேப்பாக."

அது ஒன்றுதான் அவள் கேட்டது. இன்றுவரை யோசிக்கிறேன், அதைவிடச் சின்னதாக ஒருத்தி என்ன கேட்டிருக்க முடியும் என்று.

உரைக்காகச் சட்டத்தைப் படித்தவள் நான். எங்கள் அலுவலகத்தில் புகார் கேட்க ஆள் கிடையாது. சின்ன இடங்களுக்கு மாவட்டத்தில் ஒரு குழு உண்டு என்பது தெரியும். இரண்டு பேரும் கலெக்டர் அலுவலகம் போனோம். நல்ல அம்மா ஒருவர் இருந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உங்களுக்குச் சம்பளம் தர்றது யாரும்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எங்கள் சம்பளம் கட்சிக்காரர் ஒருவருடைய கடையிலிருந்து வரும். நியமன உத்தரவு என்று ஒன்றை நாங்கள் யாருமே பார்த்ததில்லை. ஐயாவின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறோம். ஆனால் காகிதத்தின்படி அங்கே யாருமே வேலை பார்க்கவில்லை.

"பரவாயில்ல," என்றார் அந்த அம்மா. "சம்பளமே இல்லாம வேலை செஞ்சாலும் சட்டம் பொருந்தும். எழுதிக் கொடுங்க."

திரும்பும்போது பேருந்தில் அவள் சன்னலோரம் உட்கார்ந்து, முகத்தில் காற்று அடிக்க, சின்னதாகச் சிரித்தாள். அந்த முழுக் கதையிலும் நம்பிக்கை என்று நான் பார்த்தது அந்தப் பேருந்து வீரபாண்டி தாண்டும்வரை நீடித்தது. அங்கே அவளுடைய போன் அடித்தது. கூட வேலை பார்க்கும் ஒருவர். "ஏத்தா, கலெக்டராபீஸ் போனீகளாமே, என்ன விசேஷம்?"

விசாரணைக்குப் பி.ஏ. சார் வந்தார், ஒரு பை நிறையப் படங்களோடு. மேடை, மாலை, மைக்; துண்டு போர்த்திய பெண்கள், சிரிக்கும் பெண்கள். அவற்றில் நானும் இருந்தேன். அவளுடைய படங்களைத் தனியாக எடுத்து மேசையில் வைத்தார்.

"அம்மா, நீங்களே பாருங்க. இந்தப் பிள்ளை முகத்துல வருத்தம் தெரியுதா? தமிழ்நாட்டுல பொன்னாடை போர்த்துறது குத்தம்னா எங்க கட்சிக்காரன் பூராவும் உள்ள போக வேண்டியதுதான்."

குழுவில் இருந்த ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சாட்சி சொல்ல மகளிர் அணியில் மூவரைக் கேட்டிருந்தேன். ஒருவருக்கு மகன் கல்யாணம். ஒருவர் போனை எடுக்கவில்லை. கோப்பை அணைக்கும் மூத்தவர் மட்டும் நேரில் வந்து சொன்னார்: "எனக்குத் தெரியாதா தாயி? ஆனா எனக்கு அடுத்த தேர்தல்ல வார்டு தர்றேன்னு சொல்லியிருக்காக. இத்தன வருசம் கொடி பிடிச்சிருக்கேன்." அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வார்டு அவருக்கு எவ்வளவு தாமதமாக வருகிறது என்பது எனக்குத் தெரியும்.

நான் பார்த்ததைச் சொன்னேன். சாத்திய கதவு, அவர் வெளியே வந்தது, அவள் மடித்துக்கொண்டிருந்தது. "உள்ளே என்ன நடந்ததுன்னு பாத்தீங்களா?" என்றார்கள். பார்க்கவில்லை.

அதற்குள் கூட்டத்தொடர் முடிந்து ஐயா ஊருக்கு வந்தார். மறுநாளே அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். தோட்ட வேலைக்குப் போடுகிற ஆண்சட்டையைக் கழற்றிவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு அந்த அம்மா வந்தார். ஐயா எழுந்து நின்று வணங்கினார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். ஐயா கெட்டவர் இல்லை. அதுதான் இதில் எனக்குத் தாங்காத விஷயம்.

"என் ஆபீசுல ஒரு பொம்பளப் பிள்ளைக்கு மரியாத கொறைஞ்சுதுன்னு பேர் வரக்கூடாதும்மா. வெளிய எதுக்குப் போகணும்? நாமளே பேசி முடிச்சுக்கிருவோம். உம் மக என்ன கேக்குது?"

அம்மா மகளைப் பார்த்தார். அவள் சொன்னாள், அன்று என்னிடம் சொன்ன அதே சொற்களை. அவர் வாயால் சொல்ல வேண்டும்.

ஐயா ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு முகம் மலர்ந்தது. "இவ்வளவுதான? ஞாயித்துக்கிழம கூட்டம் இருக்கு. எல்லாரு முன்னாடியும் இவன் பண்ணுவான். நான் பண்ண வைக்கிறேன்."

நானும் நம்பினேன். எழுதுகிறவள்தானே, சொல் என்றால் சொல்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தின் முன்கூடம் நிரம்பியிருந்தது. கட்சிக்காரர்கள், மகளிர் அணி, வாசலில் செருப்புக் குவியல். அவள் இளநீலச் சுடிதாரில் வந்திருந்தாள். பக்கத்தில் அம்மா. ஐயா எழுந்து, நம் குடும்பத்துக்குள் ஒரு சின்ன மனத்தாங்கல் என்றார், தங்கச்சி மனசு நொந்துவிட்டது என்றார், தம்பி அதைச் சரி செய்வான் என்றார். எல்லோரும் பி.ஏ. சாரைப் பார்த்தார்கள்.

அவர் பேசவில்லை. பின்னால் திரும்பிக் கை நீட்டினார். கண்ணாடித்தாள் உறை ஒன்று அவர் கைக்கு வந்தது. பிரித்தார். கட்சிக் கரை போட்ட பொன்னாடை. விரித்துக்கொண்டு அவளை நோக்கி நடந்தார்.

அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் அதில் எதுவும் தவறாகத் தெரியவில்லை என்று நிச்சயமாகச் சொல்வேன். எங்கள் ஊரில் வருத்தம் தெரிவிப்பது அப்படித்தான். எதிர்க்கட்சியிலிருந்து திரும்பி வருகிறவன் துண்டு போடுகிறான். அடித்துக்கொண்ட பங்காளிகள் துண்டு போட்டுக்கொள்கிறார்கள். வாயால் மன்னிப்புக் கேட்பது கேவலம், துண்டு போடுவது பெருந்தன்மை. ஐயா அவளுக்குத் தன்னால் முடிந்த மிகப் பெரியதைத் தருவதாகவே நினைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

கைதட்டத் தொடங்கினார்கள்.

அவள் இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். என்னுடைய உபாயம். நான் சொல்லித்தரவில்லை, படத்தில் பார்த்திருப்பாள். அவர் அந்தக் கைகளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். துணி தோளைத் தொட்டபோது அவள் உடம்பு உதறியது. தானாகவே. மாட்டின் முதுகில் ஈ உட்கார்ந்தால் தோல் உதறுமே, அப்படி. துண்டு நழுவித் தரையில் விழுந்தது. செருப்புகளுக்குப் பக்கத்தில்.

கைதட்டல் நின்றது.

"ஏய்! கட்சித் துண்டுத்தா அது!"

"கீழ போட்டுட்டாளே... பாத்தீகளா, கீழ போட்டுட்டா."

"என்ன கொழுப்பு இருக்கணும்."

கோப்பை அணைக்கும் மூத்தவர் ஓடிவந்து துண்டை எடுத்தார். தூசி தட்டினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாரோ போனில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐயா உட்கார்ந்துவிட்டார். முகம் சுருங்கிவிட்டது. உண்மையிலேயே புண்பட்டுவிட்டார். பி.ஏ. சார் தலையைக் குனிந்து நின்றார், அடிபட்டவரைப் போல. கூடம் முழுக்க அவருக்காக இரங்கியது.

அப்போதுதான் அவளுடைய அம்மா முன்னால் வந்தார். இரண்டு கையையும் கூப்பினார். காய் பறித்துக் கறுத்த விரல்கள்.

"ஐயா, மன்னிச்சிருங்கய்யா. தெரியாமப் பண்ணிருச்சு. சின்னப் பிள்ள. தப்புத்தான். மன்னிச்சிருங்க."

தப்பு, மன்னிப்பு. அவள் கேட்ட சொற்கள் இரண்டும் அந்தக் கூடத்தில் சொல்லப்பட்டுவிட்டன. சொன்ன வாய்தான் வேறு. அவள் தன் அம்மாவின் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கப் பார்த்தாள். அந்த அம்மா இறக்கவிடவில்லை.

சாயங்காலத்துக்குள் அந்தப் படம் கம்பம் வரை போய்விட்டது. அதில் அவள் துண்டை உதறுவது மட்டும் இருந்தது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. குழுவிலிருந்த அந்த நல்ல அம்மா என்னைப் போனில் கூப்பிட்டு, "சமரசத்துக்கு அவங்க தயாரா இருந்தாங்க, இவதான் ஒத்துக்கலைன்னு எழுதிக் கொடுத்திருக்காங்கம்மா. இன்னும் நடத்தலாம், நான் நிறுத்தல. ஆனா அவ வரணும்ல?" என்றார். அவள் வரவில்லை. அம்மா விடவில்லை. கூடலூரில் அந்தத் தெருவுக்குள் நானும் போய்ப் பார்த்தேன், கதவைத் திறந்த அம்மா, "நீங்க நல்லதுதான் நெனச்சீக. இனி வேணாம், போய்ட்டு வாங்க" என்று சொல்லி, காபிகூடக் கொடுத்து அனுப்பினார்.

நான் அந்த மாதமே அங்கிருந்து கிளம்பினேன். என் கால் கிளம்பிப் பழகிய கால். அதில் வீரம் ஒன்றும் இல்லை. இப்போது ஒரு விளம்பரத்தட்டி அச்சடிக்கும் கடையில் வாசகம் எழுதிக் கொடுக்கிறேன். கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு, வருக வருக. பி.ஏ. சாரின் பிறந்தநாளுக்கு ஒரு தட்டி வந்தது. கடைக்காரரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே நின்றேன். வேறு யாரோ எழுதினார்கள். நன்றாகவே எழுதியிருந்தார்கள்.

போன கார்த்திகையில் குமுளிக்கு ஒரு வேலையாகப் போய்விட்டுத் திரும்பும்போது கூடலூரில் இறங்கினேன். தோட்டத்து ஜீப்புகள் மலையிலிருந்து இறங்கிவந்துகொண்டிருந்தன. ஒன்றிலிருந்து குதித்தவர்களில் அவளும் இருந்தாள். சுடிதாருக்கு மேலே முழுக்கை ஆண்சட்டை, கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தாள். தலையில் துணிக்கட்டு. ஏலக்காயின் பச்சை வாசனை.

"அக்கா! என்ன இங்கன?" அதே சிரிப்பு வரப் பார்த்தது. பாதியில் நின்றுவிட்டது. தேநீர்க் கடையில் நின்றோம். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, அதனால் இவள் போகிறாளாம். தட்டச்சு வேலைக்கு இரண்டு இடத்தில் கேட்டாளாம். "அந்தத் துண்டக் கீழ போட்ட பிள்ளையான்னு கேக்குறாகக்கா. நான் போட்டதாம் துண்ட."

கொஞ்சநேரம் தேநீரை ஆற்றினாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அவரு யார்ட்டயாச்சும் சொன்னாராக்கா? குடிச்சுட்டாவது, உங்க யார்ட்டயாச்சும்?"

"இல்லத்தா."

தலையாட்டினாள். ஜீப் பக்கமிருந்து யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஜீப்பின் முன்சீட்டில் தோட்டத்து மேஸ்திரி ஒருவர் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மேல்பட்டனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், போட்டிருக்கிறதா என்று.

"அங்கன எப்பிடித்தா இருக்கு?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"அங்கன பொன்னாடையெல்லாம் கெடையாதுக்கா," என்றாள். "நேரா கைதான்."

தம்ளரை வைத்துவிட்டு, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தாள்.